மருமகள் காட்டிய காடு

மருமகள் வேலை பார்க்கும் மழைக்காட்டு அருங்காட்சியகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறோம் என்று என் மனைவி அறிவித்ததும் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. வாயில் தெர்மாமீட்டரை வைத்திருந்தால் பாதரசம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். மனைவி என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சட்டைய மாட்டுங்க," என்றாள்.

காய்ச்சலுக்குக் காரணம் இருந்தது. மருமகளுக்கு என்னிடம் ஒரு விஷயம் கேட்டாக வேண்டும். அதை அவள் கேட்டுவிடக் கூடாது. ஒரு மாதமாக எங்கள் வீட்டில் நடக்கும் யுத்தம் இதுதான்.

விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மகன் போய் நாலு வருஷம் ஆகிறது. மூளைக் காய்ச்சல். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இதில் நான் கூட்டிச் சொல்ல எதுவுமில்லை. அவர்களுக்குக் குழந்தையும் இல்லை. வந்த உறவெல்லாம் கிளம்பிய பிறகு அவளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு வந்து, "மாமா, பாத்ரூம் குழாய் ஒழுகுது, ஆள் சொல்லணும்," என்றாள். அவ்வளவுதான். இருந்துவிட்டாள்.

இப்போது ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார். கடல் தாண்டி இன்னொரு காட்டில் மர விதைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிற உத்தியோகம். இங்கே ஒரு பயிற்சிக்கு வந்தபோது பழக்கம். எங்கள் வீட்டில் அவருக்கு 'விதைக்காரர்' என்று பெயர். வைத்தவள் என் மனைவி. அவரிடம் போனில் அரைமணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு, "தங்கமான மனுஷன்டி," என்று தன் தங்கையிடம் சொன்னாள், பக்கத்து அறையில் இருக்கும் எனக்குக் கேட்கிற மாதிரி. மருமகளுக்கும் மனசு இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். மாமா தன் வாயால் 'போ' என்று சொன்னால்தான் போவாள். இதை நான் சமையலறைச் சுவருக்குப் பின்னால் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு, என் காதாலேயே கேட்டேன்.

ஆகவே கணக்கு சுலபம். அவள் கேட்டால்தானே நான் சொல்ல வேண்டும். அவள் கேட்பதற்கு இடைவெளியே கொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தால் போதும்.

பேசுவது எனக்குப் பெரிய காரியமா என்ன. வேலை பார்த்த காலமெல்லாம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்தவன் நான். ஊரில் என்னைக் கண்டு குரைக்காத நாய் கிடையாது. நான் ஓய்வு பெற்ற அன்று நாய்களெல்லாம் தெருமுனையில் வரிசையாக உட்கார்ந்து, இனி யாரைப் பார்த்துக் குரைப்பது என்று விம்மின. மீட்டர் பெட்டிக்குள் குடும்பம் நடத்திய உடும்பு, என்னைத் திருடன் என்று நினைத்துத் தொட்டிக்குள் குதித்த வக்கீல், ஒரு சொட்டுக்கூடத் தண்ணீர் செலவழிக்காமல் ஒரு வருஷம் வாழ்ந்த பாட்டு வாத்தியார் என்று என்னிடம் சரக்கு ஏராளம். சாப்பாட்டு மேஜையில் அவள் "மாமா..." என்று ஆரம்பிப்பாள். "உடும்புன்னதும் ஞாபகம் வருது," என்பேன். யாரும் உடும்பு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் புன்னகைத்துவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பாள்.

எங்கள் வீட்டில் அவள் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது. கதவைச் சாத்தினால் கேட்காது. நடந்தால் தரைக்கே தெரியாது. இப்படி ஒரு அடக்கமான பெண் பூமியில் பிறந்ததில்லை என்று நான் அக்கம்பக்கத்தில் அளந்து வைத்திருந்தேன்.

அருங்காட்சியக வாசலில் காக்கிச் சட்டையும் முழங்கால்வரை பூட்ஸுமாக ஒருத்தி நின்றுகொண்டு, "எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க, செடியைத் தொட்டா செடி திட்டாது, நான் திட்டுவேன்," என்று கத்திக்கொண்டிருந்தாள். யார் இந்த அடங்காப்பிடாரி என்று பார்த்தேன். என் மருமகள்.

"அத்தை, மாமா, நீங்க முன்னாடி வாங்க. மாமா, ஒரு ரூல் இருக்கு. வழிகாட்டி பேசும்போது பார்வையாளர் பேசக் கூடாது."

"யார் போட்ட ரூல்?"

"இன்னிக்குக் காலையில நான் போட்டது."

என் மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சதியில் பங்கு இருக்கிறது என்று எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

எங்கள் குழுவில் இன்னும் இரண்டே பேர்தான், ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். முதல் கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு செயற்கை மரம். அதன் பொந்துக்குள் பஞ்சடைத்த இருவாச்சிப் பறவை. பொந்தின் வாயை மண்ணால் பூசி அடைத்து, ஒரு கீற்று மட்டும் விட்டிருந்தார்கள். பெண் பறவை முட்டையிட உள்ளே போய்த் தன்னைத்தானே வைத்து அடைத்துக்கொள்ளும், ஆண் பறவை பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்டும் என்று மருமகள் விளக்கினாள்.

"ஆண் பறவை திரும்பி வரலேன்னா?" என்று கேட்டார் பல் டாக்டர். பல்லைப் பிடுங்குகிற கைக்காரர் அல்லவா, சரியாக வேரைப் பிடித்தார்.

"கொஞ்ச நாள் காத்திருக்கும். அப்புறம் அலகால சுவத்தை உடைச்சுட்டு வெளிய வந்துடலாம்."

எனக்குக் குப்பென்று வியர்த்தது. இது எனக்கு விட்ட அம்பு. விட்டுவிட முடியுமா.

"எல்லாப் பறவையும் வராது டாக்டர். சில பறவைக்கு உள்ளயே சௌகரியமா இருக்கும். மாமனார் பறவை, மாமியார் பறவை எல்லாம் நல்லபடியா பாத்துக்கும்."

பல் டாக்டர் தன் கையேட்டில் மாமனார் பறவையைத் தேடினார்.

"மாமா," என்றாள் மருமகள், "நான் பறவையைப் பத்தித்தான் சொல்றேன்."

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம். பழைய மரத்தைச் சுற்றி வளைத்து வளரும் அத்தி மரத்தைக் காட்டினாள். நான்தான் அந்த அத்தி. சட்டையை உரித்துவிட்டுப் போன பாம்பைக் காட்டினாள். அவள்தான் பாம்பு, நாங்கள் சட்டை. தவளை முட்டையைக் காட்டியபோது அர்த்தம் பிடிபடவில்லை. அதனால் இன்னும் பயந்தேன். கூட்டம் பூச்சிகளைப் பார்க்கப் போன நேரத்தில் மெல்ல நழுவி, பக்கத்து அறைக்குள் புகுந்தேன். வாசலில் 'விதைகள்' என்று எழுதியிருந்தது.

உள்ளே ஒரு மனிதர் குட்டி ஏணியில் நின்றுகொண்டு, திறந்த கண்ணாடிப் பெட்டிக்குள் தலையை விட்டு விதைகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் வெள்ளைக் கையுறை. எனக்கு மண்டைக்குள் மணி அடித்தது. வந்துவிட்டான். கடல் தாண்டி வந்துவிட்டான்.

"நீங்கதானா அது?" என்றேன்.

"ஆமாங்க, நான்தான். வரச் சொல்லியிருந்தாங்க," என்றார் அவர் இறங்கிக்கொண்டே.

"நான் அந்த வழிகாட்டிப் பொண்ணோட மாமனார்."

"ஓ, அவங்களா. ரொம்ப நல்ல மாதிரி."

"நல்ல மாதிரியா. அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. உக்காருங்க, சொல்றேன்." அவரை ஏணிப்படியிலேயே உட்கார வைத்தேன். "அவ சமைச்சா பக்கத்து வீட்டுப் பூனை வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடும். குறட்டை விட்டா எங்க தெருவுல ஒருத்தன் தூங்க முடியாது. ரெண்டு பேர் காது டாக்டர்கிட்ட போயிருக்காங்க. கோபம் வந்தா மிக்ஸியைத் தூக்கி அடிப்பா. இதுவரைக்கும் ஏழு மிக்ஸி. கடைக்காரன் எங்களைக் கண்டாலே எழுந்து நிக்கிறான்."

அவர் வாயில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். இப்படி ஒரு ஆளிடம் கதை சொல்வதில் உள்ள சுகமே தனி. இன்னும் இரண்டு மிக்ஸியைச் சேர்த்திருக்கலாமோ என்று நான் யோசிக்கும்போது அவர் தலையை ஆட்டினார்.

"பாத்தா தெரியலையேங்க. ஐயோ பாவம், நீங்க ஏன் இவ்வளவு நாளா வீட்ல வச்சுக்கிட்டுக் கஷ்டப்படுறீங்க? பிடிச்சு அனுப்பிவிட வேண்டியதுதானே. புருஷன் தவறிட்டார்னு இங்க சொல்லிக்கிட்டாங்க, அதுக்கப்புறம் உங்களுக்கும் அவங்களுக்கும் என்ன இருக்கு?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை.

"யாரைப் பத்தி என்ன பேசுற? என் பையன் போனப்போ நாங்க ரெண்டு பேரும் எழுந்திருக்கவே இல்ல. இவதான் தட்டைக் கொண்டுவந்து முன்னாடி வச்சுட்டு, சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் நகராம நின்னா. அவளுக்கு மட்டும் அழுகை வராதா? எங்களைத் தூங்க வச்சுட்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதவ அவ. ஏதோ பூனைங்கிற, மிக்ஸிங்கிற..."

"நான் சொல்லலீங்க, நீங்கதான் சொன்னீங்க."

"நான் ஆயிரம் சொல்லுவேன். நீ எப்படி நம்பலாம்?"

அவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு டியூப் லைட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். தற்காப்புக்கு என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஐயா," என்றார், "நான் லைட்டு மாத்த வந்தவங்க."

அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

காட்டுப் பாதை அருங்காட்சியகத்தின் பின்வாசலில் ஆரம்பிக்கிறது. அங்கே அட்டை ஏறாமல் இருக்க எல்லோருக்கும் நீளமான துணிக் காலுறை கொடுக்கிறார்கள். கொடுக்கும் அம்மாள் எனக்கு அதை மாட்டிவிட்டபடி, "உங்க மருமகளாமே," என்றாள். "இந்தப் பொண்ணு காட்டுக்குள்ள எங்க இருக்குன்னு தேடவே வேண்டாம். சிரிப்பு பாலம் வரைக்கும் கேக்கும். வீட்ல எப்படித்தான் தாங்குறீங்க?"

"பழகிடுச்சு," என்றேன்.

அன்றைக்கு நான் சொன்னதிலேயே பெரிய பொய் அது.

காடு ஈரமாக இருந்தது. மழை நின்று நேரமாகியும் மரங்கள் அதை நம்பாமல் சொட்டிக்கொண்டிருந்தன. சில்வண்டுச் சத்தம் காதைத் துளைத்தது. மருமகள் முன்னால் நடந்தாள். நடந்தாள் என்றா சொன்னேன், குதித்தாள். வழியில் மூன்று ஆள் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு மரத்தைத் தட்டி, "இதோட வயசைக் கேட்டா, எங்க மாமா வயசையும் அவர் சொல்ற கதைகளோட நீளத்தையும் கூட்டிக்கோங்க," என்றாள். பல் டாக்டரின் மனைவி சிரித்தாள். "போன மழைக்கு இதுல ஒரு அட்டை இருந்தது பாருங்க, அது குடிச்ச ரத்தத்துல ரெண்டு பேருக்கு ஆபரேஷன் பண்ணலாம்." சொல்லிவிட்டு அவளே தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். சத்தமாக. கூரையில்லாத இடத்தில் சிரிக்கிற மாதிரி. மேலே ஏதோ பறவை பயந்து பறந்தது.

என் கதை சொல்லும் விதம் அது. என் மிகை, என் இழுவை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது உட்பட. சாப்பாட்டு மேஜையில் புன்னகைத்துவிட்டுத் தட்டைக் கழுவியவள் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து பிழைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

என் மனைவியைப் பார்த்தேன். அவள் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வீட்ல இப்படிச் சிரிச்சிருக்காளா?" என்றேன் மெதுவாக.

"எப்படிச் சிரிப்பா," என்றாள் மனைவி. "நாம இருக்கோம்ல."

அதற்கு மேல் என்னால் எதையும் பேசிச் சமாளிக்க முடியவில்லை. கைக்குழந்தை தூங்கும் வீட்டில் கால் பாவாமல் நடப்பதுபோல் நாலு வருஷமாக அவள் நடந்திருக்கிறாள். விழித்துவிடக் கூடாது என்று அவள் பயந்தது எங்கள் துக்கத்தை. அதை நான் அடக்கம் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பாதை ஒரு பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றது. எதிர்க்கரைக்குத் தொங்கு பாலம். ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் ஏறக் கூடாது என்பது உண்மையான விதி, பலகையிலேயே எழுதியிருந்தது. பல் டாக்டரும் மனைவியும் முதலில் போனார்கள். அடுத்து நாங்கள் இருவரும் என்று நான் என் மனைவியின் கையைப் பிடித்தேன். அவள் உதறினாள்.

"நான் தனியாப் போறேன். நீங்க அவளோட வாங்க."

தெருவைக் கடக்கவே என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறவள், ராணி மாதிரி அந்தப் பாலத்தில் ஏறிப் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் எதற்கென்று முழுசாக விளங்கியது.

நானும் மருமகளும் ஏறினோம். நடுப்பாலத்தில் அது ஆட ஆரம்பித்தது. கீழே பார்த்தேன். பூமியைக் காணோம். எங்கோ வேலையாகப் போயிருந்தது. பனி மட்டும் இருந்தது, அதற்குள்ளிருந்து மர உச்சிகள் எட்டிப் பார்த்தன. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மருமகள் எனக்கு முன்னால் திரும்பி நின்றாள்.

"மாமா."

"இறங்கிப் பேசலாம்மா."

"இறங்குனா நீங்க பேச ஆரம்பிச்சுடுவீங்க."

உடும்பை அழைத்தேன். வரவில்லை. வக்கீலும் வரவில்லை.

"எனக்குக் குறட்டை வருமா?" என்றாள்.

"யார் சொன்னது?"

"லைட்டுக்காரர். வழியில என்னைப் பாத்து ஒதுங்கி நின்னார், என்னன்னு கேட்டேன். ஏழு மிக்ஸியா மாமா?"

"ரெண்டு மூணுன்னா மதிக்க மாட்டாங்கம்மா."

அவள் சிரித்தாள். பாலம் இன்னும் ஆடியது. பிறகு சிரிப்பு நின்றது.

"அதுக்கப்புறம் நீங்க அவரைத் திட்டினதையும் சொன்னார்." கயிற்றில் இருந்த ஈரத்தைக் கட்டைவிரலால் துடைத்தாள். "குழாயைத் திறந்துவிட்டா உங்களுக்குக் கேக்காதுன்னு நினைச்சேன்."

நான் கீழே இருந்த பனியைப் பார்த்தேன்.

"உங்களுக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் நான் கேக்கணும். அவர் என்னைக் கட்டிக்கிறேன்னு கேட்டிருக்கார். எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா நீங்க வேண்டாம்னா நான் இருந்துடுறேன் மாமா. வருத்தத்தோட இல்ல. நிஜமாவே இருந்துடுறேன்."

இருந்துவிடுவாள். எனக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தை போதும். நாளைக் காலையும் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போவாள், சாயங்காலம் சத்தமில்லாமல் வருவாள், நான் உடும்புக் கதை சொல்வேன். எனக்கு வேறு என்ன வேண்டும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்து உட்கார்ந்திருந்தது. எதிர்க்கரையில் என் மனைவி சின்னதாகத் தெரிந்தாள்.

"பாஸ்போர்ட் எடுத்தாச்சா?" என்றேன்.

அவள் முகம் உடைந்தது. "எடுக்கணும்."

"போட்டோவை நல்லா எடு. ஆபீஸ் அட்டையில திருடி மாதிரி இருக்க."

"மாமா. வாயால சொல்லுங்க."

"போயிட்டு வாம்மா."

அவள் தலையை ஆட்டினாள். "நான் தினமும் வேலைக்குக் கிளம்புறப்பவும் அதைத்தான் சொல்றீங்க. இது அது இல்ல மாமா. வரணும்னு சொல்லி அனுப்பினா என் பாதி மனசு இங்கயே உக்காந்திருக்கும்."

எங்கள் வீட்டில் யாரையும் வெறுமனே 'போ' என்று அனுப்பியதில்லை. கடைக்குப் போகிறவனைக்கூட அனுப்பியதில்லை. என் மகனை ஸ்டிரெச்சரில் வைத்து அந்தக் கதவுக்குள் தள்ளிக்கொண்டு போனபோது நான் அவன் காலைத் தொட்டு, "போயிட்டு வாடா," என்றுதான் சொன்னேன். நாலு வருஷமாக அந்தக் கதவு என் கண்ணுக்குள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

பாலம் ஆடி அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"போம்மா," என்றேன்.

அவள் என் இரண்டு கைகளின் மேலும் தன் கைகளை வைத்தாள். கயிற்றைப் பிடித்திருந்ததால் என்னால் திருப்பிப் பிடிக்க முடியவில்லை. அப்படியே நின்றோம். பிறகு அவள் ஒவ்வொரு பலகையாகப் பின்னால் காலை வைத்து, என்னை நடத்திக்கொண்டு போய்க் கரை சேர்த்தாள்.

என் மனைவி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். குனிந்து என் காலுறையின் விளிம்பில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு அட்டையைச் சுள்ளியால் தட்டிவிட்டாள். குனிந்தவள் நிமிர ரொம்ப நேரம் ஆனது.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. சாட்சிக் கையெழுத்தை நான்தான் போட்டேன். விதைக்காரர் அநியாயத்துக்கு நல்லவராக இருந்தார். ஒரு குறை கண்டுபிடிக்கலாம் என்று இரண்டு நாள் பின்னாலேயே அலைந்து பார்த்தேன்; மனிதர் எனக்காக ஒன்றைக்கூட வைத்திருக்கவில்லை.

இப்போது வாராவாரம் அவள் போன் செய்கிறாள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம்.

"என்ன மாமா பண்றீங்க ரெண்டு பேரும்?"

"எங்கம்மா ரெண்டு பேர். வீட்ல நிக்க இடமில்ல. உங்க அத்தையோட சொந்தக்காரங்க ஒரு பஸ்ஸு நிறைய வந்து இறங்கியிருக்காங்க. ஹால்ல எட்டு பேர் சீட்டு விளையாடுறாங்க. உன் ரூம்ல மட்டும் பதினோரு பேர். நீ இப்ப வந்தா எங்க படுக்க வைக்கிறதுன்னே தெரியல."

"அத்தைகிட்ட குடுங்க," என்றாள்.

நான் போனை என் மனைவியிடம் நீட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சில் பாதியைப் பொய் என்று சபையிலேயே சொல்லிவிடுகிறவள் அவள். போனைக் காதில் வைத்துக்கொண்டு காலியான ஹாலைப் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றாள். "ஒரே கூட்டம். பேசுறதே கேக்கல. நீ பத்திரமா இரு, அடுத்த வாரம் பேசலாம்."

போனை மேஜையில் வைத்துவிட்டு, கொடியிலிருந்து எடுத்து வந்திருந்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்தேன். மடிக்க அதிகமில்லை.